பிரிண்டர் டிரைவர் போடுவதா, போடாமலே ஓட்டுவதா: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் எது நல்ல வழி

புது பிரிண்டர் வாங்கியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது, மாடல் நம்பரைத் தட்டி பக்கத்தில் 'டிரைவர் டவுன்லோட்' என்று சேர்த்துத் தேடுவதுதான். ஒரு காலத்தில் அது சரியான வழி. இப்போது அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். டிரைவரே தேவையா என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தேவைதான் என்றாலும் எந்த டிரைவர், எங்கிருந்து எடுப்பது என்பது நீங்கள் ஓட்டும் சிஸ்டத்தைப் பொறுத்தும் பிரிண்டரின் வயதைப் பொறுத்தும் மாறுகிறது.

கையில் இருக்கும் வழிகள் நாலு. தனி டிரைவர் எதுவும் போடாமல், சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான அச்சு முறையிலேயே ஓட்டுவது ஒன்று. சிஸ்டமே தன் அப்டேட் வழியாகத் தேடி எடுத்துப் போடும் டிரைவர் இன்னொன்று. பிரிண்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து முழு மென்பொருளையும் இறக்கிப் போடுவது மூன்றாவது. நாலாவது, ஒரு மாடலுக்கென்று இல்லாமல் பல மாடல்களுக்கும் சேர்த்து எழுதப்பட்ட பொது டிரைவர். லினக்ஸில் மூலநிரலை வெளிப்படையாக வெளியிட்டிருக்கும் திறந்த மூல டிரைவர்கள் பெரும்பாலும் இந்த வகை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த சிஸ்டமாக இருந்தாலும் முதல் வழியில் தொடங்குங்கள், அதில் குறிப்பாக ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். ஏன் என்பதும் எங்கே இது பொருந்தாது என்பதும்தான் மீதிக் கட்டுரை.

டிரைவர் செய்கிற வேலை என்னவென்று கொஞ்சம் தெரிந்தால் தேர்வு சுலபம். நீங்கள் அனுப்பும் பக்கத்தை அந்தப் பிரிண்டருக்குப் புரிகிற மொழிக்கு மாற்றிக் கொடுப்பதுதான் அது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், ஹெச்பியின் பிசிஎல் இரண்டுமே 1984-இல் வந்த மொழிகள். இவை தெரிந்த பிரிண்டருக்குள் பக்கத்தைத் தானே வரைந்துகொள்ளும் அளவுக்கு பிராசசரும் மெமரியும் வேண்டும், அதனால் விலையும் கூடும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, மலிவான பிரிண்டர்களில் வரையும் வேலை முழுவதையும் கணினியின் தலையில் கட்டிவிட்டார்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1018, 1020 மாதிரியான மாடல்களில் பிரிண்டரை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேர்கூட அதற்குள் தங்குவதில்லை, ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினியிலிருந்துதான் அது உள்ளே ஏற வேண்டும். இப்படிப்பட்ட பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காமல் போனால் அது அங்கேயே நின்றுவிடும். இயந்திரத்தில் ஒரு பழுதும் இருக்காது, டோனர்கூட மிச்சமிருக்கும், ஆனாலும் மூலையில் போட வேண்டியதுதான். நல்ல நிலையில் இருக்கும் ஒரு இயந்திரம் இந்த ஒரே காரணத்துக்காகக் குப்பைக்குப் போவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

நிலைமை மாறத் தொடங்கியது 2010-இல். அந்த நவம்பரில் ஐபோனின் ஐஓஎஸ் 4.2-உடன், டிரைவர் இல்லாமல் அச்சடிக்கும் ஏர்பிரின்ட் முறையை ஆப்பிள் கொண்டுவந்தது. ஐபோனில் டிரைவர் போட வழியே இல்லை என்பதால், பிரிண்டர்தான் பொது மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2013-இல் கேனன், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நாலும் சேர்ந்து இதே நோக்கத்தில் மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின, அதே வருடம் ஐபிபி எவ்ரிவேர் என்ற தரமும் வந்தது. பெயர்கள் வேறு வேறு என்றாலும் அடியில் ஓடுவது ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) என்ற ஒரே நெறிமுறைதான். கணினி பிரிண்டரிடம் 'உன்னால் என்னவெல்லாம் முடியும்' என்று கேட்கிறது; வண்ணம் உண்டு, இரண்டு பக்கமும் அடிப்பேன், இன்னின்ன தாள் அளவு வைத்திருக்கிறேன் என்று பிரிண்டர் பதில் சொல்கிறது; அதன் பிறகு பக்கம் பிடிஎஃப் ஆகவோ பொதுவான பட வடிவமாகவோ போய்ச் சேர்கிறது. மாடலுக்கு ஒரு டிரைவர் என்ற தேவையே இதில் எழுவதில்லை.

உங்கள் பிரிண்டர் இந்த வகையா என்று பார்க்க பெட்டியின் மேல் அல்லது நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் ஏர்பிரின்ட், மோப்ரியா, ஐபிபி எவ்ரிவேர் மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சமீப வருடங்களில் வந்த வைஃபை பிரிண்டர் என்றால் அநேகமாக இருக்கும். யூஎஸ்பி கேபிள் மட்டுமே உள்ள மலிவு லேசர் என்றால் இருக்காது என்று நினைத்துக்கொண்டே தேடுவது நல்லது.

இனி விண்டோஸ். இங்கேதான் குழப்பம் அதிகம், ஏனென்றால் நாலு வழியும் திறந்தே இருக்கின்றன, எந்த வழியில் போயிருக்கிறோம் என்பதும் வெளியே சட்டென்று தெரிவதில்லை. செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பகுதிக்குப் போய் ஆட் டிவைஸ் அழுத்தினால் விண்டோஸ் தேடிக் கண்டுபிடித்துத் தானே சேர்த்துவிடும். ஆனால் அது தன்னுடைய பொது ஐபிபி டிரைவரைப் போட்டதா, அப்டேட்டிலிருந்து நிறுவனத்தின் டிரைவரை இழுத்துப் போட்டதா என்று பார்க்க பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் உள்ளே அட்வான்ஸ்டு தாவலைத் திறக்க வேண்டும். அங்கே டிரைவரின் பெயரில் 'ஐபிபி கிளாஸ் டிரைவர்' என்று இருந்தால் நீங்கள் முதல் வழியில் இருக்கிறீர்கள். மோப்ரியா சான்று பெற்ற பிரிண்டர்களுக்கு விண்டோஸ் 10-இன் 21ஹெச்2 பதிப்பு முதலே இது கிடைக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டும் இந்தப் பக்கமாகத்தான் தள்ளுகிறது. 2023 செப்டம்பரில் அது அறிவித்த திட்டத்தின்படி, விண்டோஸ் அப்டேட் வழியாக நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களைக் கொடுப்பது படிப்படியாக நிற்கப்போகிறது: 2026 ஜூலையிலிருந்து விண்டோஸ் தன் சொந்த ஐபிபி டிரைவருக்கே முதலிடம் கொடுக்கும், 2027 ஜூலைக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர அந்த டிரைவர்களின் புதிய பதிப்பு எதுவும் அப்டேட்டில் வராது. இதைப் படித்துவிட்டுப் பழைய பிரிண்டர் நாளைக்கே நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஏற்கெனவே போட்ட டிரைவர் ஓடும், நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கியும் போடலாம். அப்டேட் என்ற வழிதான் ஒடுங்குகிறது. அதாவது, நாலில் இரண்டாவது வழியை நம்பித் திட்டம் போடுவதில் இனி அர்த்தமில்லை.

இதன் பின்னணியில் பாதுகாப்பும் இருக்கிறது. அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலர் சிஸ்டத்தின் உச்ச அதிகாரத்தோடு ஓடுகிற ஒரு சேவை. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வாங்கிய ஓட்டை, டிரைவர் நிறுவும் பாதை வழியாகவே அந்த அதிகாரத்தைக் கைப்பற்ற இடம் கொடுத்தது. ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் 7-க்குக்கூட அப்போது அவசரத் திருத்தம் விட்டார்கள். அடுத்த மாதத் திருத்தத்துக்குப் பிறகுதான், நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரிண்டருக்கு டிரைவர் போட அட்மின் அனுமதி கட்டாயமானது. அலுவலகத்தில் திடீரென்று பிரிண்டர் சேர்க்க முடியாமல் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நின்றவர்களுக்கு இதுதான் காரணம். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் புரொடெக்டட் பிரிண்ட் மோட் என்று ஒரு சுவிட்சும் வந்திருக்கிறது. போட்டால் வெளி டிரைவர்கள் எல்லாம் விலக்கப்பட்டு மோப்ரியா பிரிண்டர்கள் மட்டுமே ஓடும். உங்களிடம் இருப்பதெல்லாம் புதிய பிரிண்டர் என்றால் போட்டுவிடுங்கள், தயங்க ஒன்றுமில்லை. பழையது ஒன்று இருந்தாலும் தொடாதீர்கள்.

சரி, விண்டோஸில் நிறுவனத்தின் டிரைவருக்குப் போக வேண்டிய நேரம் எது? பின் நம்பர் அடித்தால்தான் பக்கம் வெளியே வருகிற ரகசிய அச்சு, துறைவாரியாகக் கணக்கு வைக்கும் குறியீடு, ஸ்டேப்பிள் அடித்தல், துளையிடல், புகைப்படத் தாளுக்கான நுணுக்கமான வண்ண அமைப்பு, இங்க்ஜெட்டின் ஹெட் சுத்தம் செய்வது போன்றவை பொது டிரைவரில் வராமல் போகலாம். அப்படி ஒன்று உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமென்றால் போங்கள். போகும்போது தளத்தில் இரண்டு மூன்று டவுன்லோட் இருக்கும்: முதலில் பெரிதாகக் காட்டுவது 'முழு மென்பொருள் தொகுப்பு', கீழே எங்கேயாவது சின்னதாக 'அடிப்படை டிரைவர்' அல்லது 'பிரிண்ட் டிரைவர் மட்டும்'. சின்னதையே எடுங்கள். பெரிய தொகுப்பு கணினி திறக்கும்போதெல்லாம் கூடவே எழுந்து நிற்கும் நாலைந்து நிரல்களையும் சேர்த்துக் கொண்டுவரும், இங்க் வாங்கச் சொல்லும் அறிவிப்புகளும் வரும், அச்சடிப்பதற்கு அவை எதுவும் தேவையில்லை. ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டர் என்றால் ஸ்கேன் மென்பொருளைத் தனியாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பல மாடல் பிரிண்டர்கள் கலந்து கிடக்கும் இடத்தில் நாலாவது வழி நன்றாக வேலை செய்யும். ஹெச்பியின் யூனிவர்சல் பிரிண்ட் டிரைவர், ஜெராக்ஸின் குளோபல் பிரிண்ட் டிரைவர், கேனனின் ஜெனரிக் பிளஸ் போன்றவை அந்தந்த நிறுவனத்தின் நிறைய மாடல்களை ஒரே டிரைவரில் அடக்கிவிடும். ஆனால் இவை போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் தெரிந்த அலுவலக ரகப் பிரிண்டர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டு இங்க்ஜெட்டுக்கு உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விண்டோஸில் டிரைவரைப் பழிசொல்லும் பாதிப் பிரச்சினைகள் உண்மையில் போர்ட், அதாவது கணினி பிரிண்டரை அடையும் பாதை, சார்ந்த பிரச்சினைகள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிரிண்டர் கண்முன்னே விளக்கு எரிந்துகொண்டு நிற்கும், விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்று சொல்லும். தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர்கள் பல சமயம் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும், பிரிண்டரின் முகவரி மாறும்போதும் கணினி தூங்கி எழும்போதும் அது தொலைந்துபோவதுண்டு. ரௌட்டரில் பிரிண்டருக்கு ஒரு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிட்டு, அந்த முகவரியை வைத்து டிசிபி/ஐபி போர்ட்டில் சேர்த்துப் பாருங்கள், டிரைவரை மாற்றாமலே சரியாகிவிடும் வாய்ப்பு நிறைய. டிரைவரைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆனால், செட்டிங்ஸில் பிரிண்டரை நீக்குவது மட்டும் போதாது. டிரைவர் தொகுப்பு உள்ளேயே இருக்கும், மறுபடி சேர்க்கும்போது அதே பழசு திரும்பி வரும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் தாவலுக்குப் போய் டிரைவரையும் தொகுப்பையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

ஆர்ம் பிராசசர் போட்ட விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சாதாரண நிரல்கள் எமுலேஷனில், அதாவது விண்டோஸ் வேறு பிராசசர் போல நடித்துக்காட்ட, ஓடிவிடும், டிரைவர் ஓடாது. ஆர்ம்64-க்கென்றே எழுதப்பட்ட டிரைவர் வேண்டும், பழைய மாடல்களுக்கு அது கிடைப்பது அரிது. அவர்களுக்கு முதல் வழி ஏறக்குறைய ஒரே வழி. அதேபோல் விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, ஆகவே 32 பிட் டிரைவர் மட்டும் இருக்கிற மிகப் பழைய பிரிண்டர் அதில் நேரடியாக ஓடாது.

மேக் பக்கம் வந்தால் பேச்சு குறைவு. ஆப்பிள் ஏர்பிரின்ட்டையே அடிப்படையாக வைத்துவிட்டதால், சிஸ்டம் செட்டிங்ஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது கீழே 'யூஸ்' என்ற பெட்டியில் ஏர்பிரின்ட் என்று வந்து நிற்கும், சேர் என்று அழுத்தினால் முடிந்தது. ஸ்கேன் செய்ய இமேஜ் கேப்சர் என்ற நிரல் கூடவே இருக்கிறது. அந்தப் பெட்டியில் நிறுவனத்தின் டிரைவரையும் தேர்ந்தெடுக்க முடியும், போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் தெரிந்த பழைய அலுவலக லேசருக்கு ஜெனரிக் என்று வரும் பொது டிரைவரும் கைகொடுக்கும்.

மேக்கில் நிறுவனத்தின் டிரைவரை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் அதன் ஆயுள். ஆப்பிள் பழையதை வெட்டிவிடுவதற்குத் தயங்குவதில்லை. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான கேட்டலினா 32 பிட் நிரல்களை முழுவதும் நிறுத்தியபோது எத்தனையோ பழைய டிரைவர்கள் அதோடு போயின. 2020 அக்டோபரில் ஹெச்பியின் டிரைவர் கையொப்பச் சான்றிதழ் ரத்தானதில், முதல் நாள் வரை ஓடிக்கொண்டிருந்த மேக் பிரிண்டர்கள் 'இது உங்கள் கணினியைக் கெடுக்கும்' என்ற எச்சரிக்கையோடு நின்றன. ஏர்பிரின்ட்டில் சேர்த்திருந்தவர்களை அது தொடவில்லை. இன்டெல் காலத்து டிரைவர்கள் இப்போது, அவற்றை ஆப்பிளின் புதிய பிராசசருக்கு மாற்றிக் கொடுக்கும் ரொசெட்டா தயவில் ஓடுகின்றன, அந்த ரொசெட்டாவையும் படிப்படியாக விலக்கப்போவதாக 2025-இல் ஆப்பிள் சொல்லிவிட்டது. ஆக மேக்கில் ஏர்பிரின்ட் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். புகைப்பட அச்சைத் தொழிலாகச் செய்பவர்களும், அலுவலகத்தில் கணக்குக் குறியீடு கட்டாயம் உள்ளவர்களும் மட்டும் விதிவிலக்கு. ஏதாவது சிக்கிக்கொண்டால் பிரிண்டர் பட்டியலில் கண்ட்ரோல் கீயோடு சொடுக்கி 'ரீசெட் பிரிண்டிங் சிஸ்டம்' கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி சேர்ப்பதுதான் சீக்கிரமான வைத்தியம்.

லினக்ஸைப் பற்றி இன்னமும் 'அதில் பிரிண்டர் ஓட்டுவது தலைவலி' என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைய நிலவரத்துக்கு அது பொருந்தாது. மேக்கும் லினக்ஸும் அச்சு விஷயத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை: மைக்கேல் ஸ்வீட் எழுதத் தொடங்கிய கப்ஸ் என்ற அச்சு அமைப்பை 2002-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2-இல் ஆப்பிள் எடுத்துக்கொண்டது, 2007-இல் அதன் மூலநிரலையே வாங்கியது, 2019 கடைசியில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு விலகிய பிறகு ஓபன்பிரின்டிங் குழு அதைத் தொடர்ந்து வளர்த்துவருகிறது. அதனால் ஏர்பிரின்ட் தெரிந்த பிரிண்டர் ஒன்று அதே நெட்வொர்க்கில் இருந்தால், புதிய உபுண்டு, ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் பதிப்புகளில் நீங்கள் எதுவும் செய்யாமலே அது பிரிண்ட் பெட்டியில் தோன்றிவிடும்.

யூஎஸ்பி கேபிளில் மாட்டினாலும் இது நடக்கும். பிரிண்டர் ஐபிபி-யை யூஎஸ்பி வழியாகப் பேசத் தெரிந்ததாக இருந்தால், ஐபிபி-யூஎஸ்பி என்ற சின்ன நிரல் அதை ஒரு நெட்வொர்க் பிரிண்டர் போலக் காட்டிவிடும். 2021-இல் வந்த டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பு முதல் இது பழக்கத்துக்கு வந்தது. ஸ்கேன் செய்ய சேன்-ஏர்ஸ்கேன் என்ற நிரல் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. ஐபிபி-யூஎஸ்பி அந்த யூஎஸ்பி இணைப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்வதால், அதே பிரிண்டருக்கு யூஎஸ்பி வழியாகப் பேசும் பழைய பாணி டிரைவரையும் போட்டால் இரண்டும் மோதி பிரிண்டர் பதிலே சொல்லாமல் போகும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். 'டிரைவர் போட்டதும் ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது' என்ற புகார்களில் பல இதுதான்.

பழைய பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் தேடுவது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இங்கே பிராண்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற தொகுப்பு இருக்கிறது, அநேகமாக எல்லா லினக்ஸிலும் அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். சில மாடல்களுக்கு அதன்மேல் மூலநிரல் வெளியிடப்படாத ஒரு துணை நிரல் (பிளகின்) வேண்டும், அதன் பதிப்பும் ஹெச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், சிஸ்டம் அப்கிரேடு செய்ததும் ஹெச்பி பிரிண்டர் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எப்சன் இங்க்ஜெட்டுக்குத் திறந்த மூல எஸ்கேப்-ஆர் டிரைவர் சிக்கலில்லாமல் ஓடுகிறது. பிரதர் தன் தளத்தில் டெபியன், ஆர்பிஎம் இரண்டு தொகுப்பு வடிவிலும் டிரைவர் கொடுக்கிறது, ஆனால் அதன் பல டிரைவர்களுக்குள் இருப்பது இன்டெல் 32 பிட் நிரல். சாதாரணக் கணினியில் 32 பிட் நூலகங்களைச் சேர்த்தால் ஓடும், ஆர்ம் பிராசசர் போட்ட ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடாது. அங்கே பிஆர்லேசர் என்ற திறந்த மூல டிரைவர் பல கருப்பு வெள்ளை பிரதர் லேசர்களைக் காப்பாற்றுகிறது. கேப்ட் என்ற கேனனின் தனி மொழி பேசும் பழைய லேசர்கள், உதாரணமாக எல்பிபி 2900, லினக்ஸில் மிகவும் படுத்தும். முயன்று ஓட வைத்தவர்கள் உண்டு, ஆனாலும் லினக்ஸுக்காகப் பழைய பிரிண்டர் வாங்குபவர் அதைத் தொட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பழைய புகைப்பட இங்க்ஜெட்டுகளுக்கு குட்டன்பிரின்ட் என்ற திறந்த மூல டிரைவர் தொகுப்பைப் பாருங்கள், தரம் நன்றாக இருக்கும், அமைப்புகள்தான் கொஞ்சம் மிரட்டும்.

லினக்ஸிலும் டிரைவர் காலம் முடிந்துகொண்டுதான் வருகிறது. பிரிண்டரின் வசதிகளை விவரிக்கும் பிபிடி கோப்புகளையும் பழைய பாணி டிரைவர்களையும் கப்ஸ் 3 கைவிடுகிறது. பழைய பிரிண்டர்களுக்கு பிரிண்டர் அப்ளிகேஷன் என்று ஒரு ஏற்பாடு, அது பழைய பிரிண்டரை ஐபிபி தெரிந்த பிரிண்டர் போலக் காட்டும். பழையதை வெட்டிவிடாமல் அதற்கொரு பாலத்தையும் போட்டுவைத்திருப்பதற்காக அந்தக் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாதுகாப்பு பற்றி ஒரு வரி: 2024 செப்டம்பரில், நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சேவையில் பெரிய ஓட்டை ஒன்று வெளிவந்தது. இன்றைய பிரிண்டர்களோடு பேச வீட்டுக் கணினியில் பெரும்பாலும் அந்தச் சேவை தேவைப்படாது, அணைத்துவிட்டு அச்சு வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

குரோம்புக், ஆண்ட்ராய்டு, ஐபோன் மூன்றுக்கும் ஒரே பத்தி போதும். ஐபோனிலும் ஐபேடிலும் ஏர்பிரின்ட் இருந்தால் உண்டு, இல்லையென்றால் நிறுவனத்தின் ஆப் ஏதாவது உதவினால்தான். ஆண்ட்ராய்டில் 8-ஆம் பதிப்பு முதல் மோப்ரியா முறை உள்ளேயே இருக்கிறது, அது பிடிக்காத பிரிண்டருக்குப் பிளே ஸ்டோரில் நிறுவனத்தின் பிரிண்ட் சர்வீஸ் பிளகின் கிடைக்கும். குரோம்புக்கின் அடியிலும் கப்ஸ்தான். கூகுள் கிளவுட் பிரின்ட் என்ற இணைய அச்சுச் சேவை 2020 டிசம்பரோடு மூடப்பட்டுவிட்டது, அதை வைத்துச் சொல்லும் பழைய வழிமுறை எதையாவது படித்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். பிரிண்டர் பழையது, விண்டோஸ் 11-க்கோ புதிய மேக்குக்கோ டிரைவர் இல்லை, ஆனால் இயந்திரம் நன்றாக ஓடுகிறது. இந்த நிலையில் பலர் எடுக்கும் இரண்டு முடிவுகள்: புதிதாக வாங்குவது, அல்லது அந்தப் பிரிண்டருக்காகப் பழைய விண்டோஸ் கணினி ஒன்றை அப்படியே விட்டு வைப்பது. ஆதரவு முடிந்த விண்டோஸை நெட்வொர்க்கில் விட்டுவைப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதே பழைய கணினியில் அல்லது ஒரு ராஸ்பெரி பையில் லினக்ஸைப் போட்டு, பிரிண்டரைக் கப்ஸில் சேர்த்து, 'பகிர்' என்று குறியிட்டுவிடுங்கள். பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி என்ற சேவையும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பழைய பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கும் மேக்குக்கும் ஐபோனுக்கும் ஏர்பிரின்ட் பிரிண்டராகவே தெரியும். விண்டோஸில் ஐபிபி முகவரியைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். கப்ஸின் அமைப்புகளைப் பிரவுசரிலேயே 631-ஆம் போர்ட்டில் திறந்து பார்க்க முடியும் என்பதால் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டிரைவர் ஒரே இடத்தில், அந்த ஒரு லினக்ஸ் பெட்டியில் மட்டும். மற்ற எல்லாக் கணினியும் ஃபோனும் டிரைவர் இல்லாமலே அடிக்கும். முன்னே சொன்ன 1020 மாதிரி ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டிய பிரிண்டர்களையும் இப்படி வாழ வைக்கலாம். செய்வதற்கு முன் ஒரே ஒரு சோதனை: உங்கள் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா, உண்டென்றால் நீங்கள் வைக்கப்போகும் பெட்டியின் பிராசசரில் அது ஓடுமா.

முதல் வழி பொருந்தாத பிரிண்டர்களும் உண்டு. பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர், லேபிள் பிரிண்டர், டாட் மேட்ரிக்ஸ், பெரிய பிளாட்டர் போன்றவற்றுக்கு நேராக நிறுவனத்தின் டிரைவரையே எடுங்கள், தாள் அளவும் வெட்டும் கட்டளையும் அதில்தான் ஒழுங்காக வரும். எழுத்து மட்டும் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸுக்கு விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவர் போதும், ஆனால் அதில் தமிழ் எழுத்து வராது. தமிழில் அடிக்க வேண்டுமென்றால் பக்கத்தைப் படமாக அனுப்பும் டிரைவர்தான் வேண்டும்.

எந்த டிரைவரை இறக்கினாலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, லினக்ஸ் என்றால் அதன் களஞ்சியத்திலிருந்து, மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வருகிற 'எல்லா டிரைவரும் இங்கே' தளங்களும், டிரைவரைத் தானாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் நிரல்களும் வேண்டவே வேண்டாம். டிரைவர் அட்மின் அதிகாரத்தோடு உள்ளே போகிற பொருள், அதைத் தெரியாத கையிலிருந்து வாங்கக் கூடாது.

இரண்டு வழிகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லையென்றால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே நெட்வொர்க் பிரிண்டரை வேறு வேறு பெயரில் இரண்டு தடவை சேர்க்க முடியும்: ஒன்று பொது முறையில், ஒன்று நிறுவனத்தின் டிரைவரில். அதே பக்கத்தை இரண்டிலும் அடியுங்கள். இரண்டு பக்க அச்சு வருகிறதா, தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா அல்லது லெட்டர் என்று போய் ஓரம் வெட்டுப்படுகிறதா, சின்ன எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா, புகைப்படத்தில் தோல் நிறம் சரியா என்று பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் நிறுவனத்தின் டிரைவரை நீக்கிவிடுங்கள். தெரிந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, தினசரி வேலைக்குப் பொது முறையை டிஃபால்ட்டாக வைத்து, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னும் பிரிண்டரே வாங்கவில்லை, இனிமேல்தான் என்றால் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதைப் பார்ப்பதற்கு முன்னால் ஏர்பிரின்ட், மோப்ரியா இரண்டு பெயரும் இருக்கிறதா, நெட்வொர்க் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் கையாக வாங்கினாலும் இதே கணக்குத்தான், கூடவே போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் தெரிந்த அலுவலக லேசர் கிடைத்தால் ஏர்பிரின்ட் இல்லாவிட்டாலும் யோசிக்காமல் எடுக்கலாம், மூன்று சிஸ்டத்திலும் அதற்குப் பொது டிரைவர் தயாராக இருக்கிறது.